இடம் மாறிய முட்டை

சூலியா தெரு நாசி கண்டார் கடைக்குக்
கல்லாத் திரை செய்து கொடுத்தேன்.
அதிகம் தொட்டது மேலே ஏறும்,
தொடாதது மடிப்புக்குள் ஒடுங்கும்.
பாயான் லெப்பாஸ் அலுவலகத்தில்
கைதட்டினார்கள்.

மூன்றாம் வாரம் மெஹ்ருன்னிசா கூப்பிட்டாள்:
"நேத்து ராத்திரி பதினோரு பேருக்கு
முட்டைக்கு மீன்தலை விலை போட்டுட்டேன்.
முட்டையை யாரு நகத்துனது?"
உங்க விரல்தான் என்று
சொல்ல வாய் வரவில்லை.

போய் நின்று பார்த்தேன்.
திரையை அவள் பார்ப்பதே இல்லை.
கண் தட்டின் மேல்,
காது 'குவா பாஞ்சிர்' கேட்கும் குரலின் மேல்.
விரல் மட்டும்
கரண்ட் போனதும் தீப்பெட்டிக்கு நீளும் கைபோல
நேரே போய் இறங்குகிறது.
நிரல் பழகுவதற்கு முன்பே
அவள் பழகியிருந்தாள்.
நான்தான் கலைத்தேன்.

அன்றிரவே எல்லாப் பொத்தானையும்
அசையாமல் கட்டிப்போட்டேன்.
புறப்படும்போது கேட்டாள்:
"காசு வேணாம்னு ஒண்ணு இருந்துச்சே, அது எங்க?"
மாதத்துக்கு ஒரு தரம்கூடத் தொடுவதில்லையே என்று
கணக்கைக் காட்டினேன்.

"ஆமா. ஒருத்தர்தான் வருவாரு,
மழை நாள்ல.
அவரு எதிர்ல நிக்கிறப்ப
நான் அதைத் தேடிக்கிட்டிருக்கக் கூடாது."