கார் உதவி

தலைமுடி பறக்க வேண்டும் என்று
கணக்கு நோட்டில் எழுதி
இரண்டு முறை அடிக்கோடு போட்டிருந்தான் யெர்கோ.
புந்தா அரேனாஸில் பிறந்தவன்
இதை எழுதித்தான் வைக்க வேண்டுமா?
நடுத்தெருவில் கயிறு கட்டி
அதைப் பிடித்தபடி வங்கிக்குப் போகிற ஊர்.
டிசம்பரில் இங்கே
பறக்காத ஒன்றைக் காட்டு, பார்ப்போம்.

குழுவில் நான்கு பேர்.
டிரம்முக்கு யெர்கோ, பேஸுக்கு ஒத்திலியா,
பாட பாஸ்குவால்,
இரண்டாவது கிட்டாருக்குப் பாரியா.
(அவன் முதல் பெயர்
வருகைப் பதிவேட்டுக்கு மட்டும்தான் தெரியும்.)
மிலென்காவிடம் நல்ல கைப்பேசி இருந்ததால்
அவள் ஒளிப்பதிவாளர்.
எனக்கு எந்த வாத்தியமும் வராது.
என்னிடம் கார் இருந்தது.

நண்டுத் தொழிற்சாலை வாடை
ஏழு முறை கழுவியும் போகாத கார்.
அதன் நான்கு கதவையும் திறந்து வைத்து
பாட்டை அலறவிட்டால்
அவர்கள் வாயசைப்பார்கள், வாசிப்பது போல் நடிப்பார்கள்.
இதுதான் திட்டம்.
நிஜச் சத்தம் குறுக்கே வராமலிருக்க
டிரம்கள் மேல் குளியல் துண்டு.

இடம், உடைந்த படகுத்துறை.
கட்டைக்கு ஒன்றாக நீர்க்காகங்கள்,
காசு கொடுத்து வந்த கூட்டம் போல
முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு.

புகைக்கு மைதா மாவு வாங்கியிருந்தோம்.
வீசிய கை இறங்குமுன்
மாவு அர்ஜென்டினாவுக்குக் குடிபெயர்ந்துவிட்டது.
தள்ளுவண்டியில் மிலென்காவை உட்காரவைத்து
நான் தள்ளினேன்.
வண்டியின் ஒரு சக்கரத்துக்கு வேறு ஊரில் வேலை.
நங்கூரக் கயிற்றில் கட்டியும்
ஒரு சிம்பல் கழன்று கரையோரம் உருண்டது,
பின்னால் ஒரு தெருநாய்.
நாய் வீடியோவில் இருக்கிறது.
சிம்பல் இல்லை.

பாட்டு, பாஸ்குவாலின் மணமுறிவைப் பற்றியது
என்று ஊரில் பேச்சு.
அவன் வீட்டு பாய்லரைப் பற்றியது அது.
நான்தான் பழுதுபார்க்கப் போனேன், எனக்குத் தெரியும்.

மூன்றாம் தடவை எடுக்கும்போது
இரண்டாவது சரணத்தின் நடுவில்
கார் செத்தது.
பேட்டரி.
நிறுத்துங்கள் நிறுத்துங்கள் என்று
ஜன்னல் வழியே கையை ஆட்டினேன்.
உற்சாகம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

காற்றின் இரைச்சலில்
பாட்டு போனது அவர்களுக்குத் தெரியவே இல்லை.
துண்டுகளும் எப்போதோ பறந்துவிட்டிருந்தன.
இறங்கி நடந்தேன்.
பக்கத்தில் போகப் போக
மின்சாரமில்லாத கம்பிகளின் சத்தம்,
கொசு பாடுவது போல, அவ்வளவுதான்,
அதன் கீழே யெர்கோவின் டிரம்,
கண்ணை மூடிக்கொண்டு ஒத்திலியா எதையோ எண்ணுகிறாள்.
பாஸ்குவால் வாயசைக்கவில்லை.
பாடிக்கொண்டிருந்தான்.
"வெந்நீர்" என்பதில் முதல் எழுத்து மட்டும் எனக்கு வந்தது
மீதியைக் கடல் எடுத்துக்கொண்டது.

ஆறு வருடமாக
இவர்களுடைய ஒலிபெருக்கிகளைத் தூக்குகிறேன்,
முதுகில் அதற்கென்றே ஒரு வலி உண்டு.
எப்போதும் பின்னால் நிற்பேன்,
பெட்டிகளுக்குப் பின்னால்.
பாய்லரில் இவ்வளவு துக்கம் இருக்கிறதென்று
யாரும் எனக்குச் சொல்லவில்லை.

முடித்துவிட்டு
"எப்படி?" என்று கேட்டார்கள்.
பேட்டரி போய்விட்டது என்றேன்.

பிறகு மீன் லாரிக்காரர் ஒருவர்
கம்பி கொடுத்துக் காரை எழுப்பினார்.
பெயர் கேட்க மறந்தோம்.

வெட்டி ஒட்டும்போது
அந்த மூன்றாவது தடவை எதிலும் பொருந்தவில்லை.
வாய் முன்னால், குரல் பின்னால்.
முழுவதையும் தூக்கியெறிந்த மிலென்கா
ஒரு நொடியை மட்டும் விட்டுவைத்தாள்:
கார் ஜன்னலிலிருந்து ஒரு கை,
வெறிபிடித்து ஆடுகிறது.

யார் அந்த ரசிகன் என்று
தொழிற்சாலையில் இரண்டு பேர் கேட்டார்கள்.
தெரியாது என்று சொல்லிவிட்டு
நண்டு உடைக்கப் போனேன்.

கடைசியில் பெயர்கள் ஓடுகின்றன.
நாய்க்கும் நன்றி, நீர்க்காகங்களுக்கும் நன்றி.
காற்றை விட்டுவிட்டார்கள்.
எல்லாவற்றுக்கும் கீழே, சின்ன எழுத்தில்,
கார் உதவி: நிபால்தோ.