மூன்றாம் அங்கத்துக் கதவு

"கதவைச் சாத்தாதே, இன்னும் ஒருத்தன் வரணும்."
போர் முடிந்த இரவில், மூன்றாம் அங்கத்தில்,
ஒரு தாய் சொல்வது.
எழுதியவன் செத்து நூற்றைம்பது வருஷம்.

குத்தாயிசியில் இதை இப்போது
மினிபஸ்காரன் சொல்கிறான்,
பதினெட்டாவது ஆளைத் திணிக்கும்போது.
ஃபிரிட்ஜ் விளம்பரத்தில் ஒரு பென்குயின் சொல்கிறது.
கடைவீதியில் காபிக் கோப்பை மேல் விற்கிறது.
ஐந்தாவது கோலையும் விட்ட நோதாரைப் பார்த்து
மைதானமே கத்தியது.
என் மைத்துனி, மூன்று பெண் பெற்றவள்,
பிரசவ அறையிலேயே சொன்னாளாம்;
நர்ஸ் சிரித்துக் கத்தரிக்கோலை நழுவவிட்டாளாம்.
நான் நம்பவில்லை.

அரங்கில் டிக்கெட் கிழிப்பவன் நான்.
ஒரு டார்ச், ஒரு பித்தளைக் கைப்பிடி,
பத்தொன்பது வருஷம்.

நேற்று மக்வாலா வாயெடுக்கும் முன்பே
பால்கனியில் எவனோ
பென்குயின் குரலில் முந்திக்கொண்டான்.
அரங்கு குலுங்கிற்று.
அவள் கைவிளக்கு குலுங்கவில்லை.

அப்போது பார்த்து என் பக்கக் கதவு திறந்தது.
சொட்டும் குடையோடு ஒருவர்:
"மன்னிக்கணும், ரயில் தாமதம்."
அறுநூறு தலைகள் திரும்பின.
மேடையிலிருந்து அவளும் பார்த்தாள்.
பார்த்தாள் என்றால்,
முகம் அடையாளம் தெரிகிறதா என்று.

சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை.
முழங்கால்களைத் தாண்டித் தாண்டி
அவர் போய் உட்காரும்வரை காத்திருந்தாள்.
பிறகு,
எந்தக் கோப்பையிலும் ஏறாத
அடுத்த வரியைச் சொன்னாள்.

கைப்பிடியில் கை வைத்தபடி நின்றேன்.
சாத்துவதுதான் என் வேலை.