எந்த மலை

எங்கள் பேச்சில் மலை என்றால் வேலை.
'அவ மலைக்குப் போயிருக்கா' என்றால்
ஒன்பதாம் நம்பரில் கொழுந்து எடுக்கிறாள் என்று அர்த்தம்.
அதனால்தான் அந்த வெள்ளைக்காரன்
யாரோ சொல்லிக்கொடுத்த ஒரே சொல்லோடு
கானோரம் நின்று 'மலை? மலை?' என்றபோது
நான் என் நிரையைக் காட்டினேன்.

அவன் விரல் இன்னும் மேலே போனது.
தேயிலை முடிந்து, டர்பன்டைன் மரம் முடிந்து,
காடும் முடிந்து
மூட்டம் குந்தியிருக்கும் அந்தக் கல்லுக்கு.

பத்தொன்பது வருஷம் அதன் அடியில் நின்றவள்.
வழி தெரியாது என்று சொல்ல
நாக்கு கூசியது.

அயர்லாந்தாம் அவன் ஊர்.
ஆட்டோக்காரப் பையன் திருப்பிச் சொன்னான்:
அங்கேயும் இதே மழையாம்,
மலையெல்லாம் மொட்டையாம், புல்லும் சேறும் ஆடுமாம்,
ஞாயிற்றுக்கிழமை சும்மா ஏறி, சும்மா இறங்குவார்களாம்.
'சும்மாவா?' என்றாள் சந்தனமேரி.
கீழே மின்னிய தண்ணீருக்குப் பேர் கேட்டான்.
காசல்ரீ என்றோம்.
எங்க பக்கத்துப் பேராச்சே என்று
காணாமல் போன மாட்டை அடுத்தவன் பட்டியில் கண்டவன்போல்
கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டு நின்றான்.
பிறகு தனியே ஏறினான்.
இருட்டும் நேரம் இறங்கி வந்தான்,
காலுறை நிறைய அட்டையோடும்
முகம் நிறையச் சிரிப்போடும்.

அடுத்த போயா.
ரொட்டியும் கட்டச்சம்பலும் கட்டிக்கொண்டு
நானும் சந்தனமேரியும் கிளம்பினோம்.
'எங்க போறீங்க?' என்றது லயம்.
'மலைக்கு.'
'லீவு நாள்ல என்ன மலை, கைக்காசா?'

கடைசித் தூரைத் தாண்டியதும்
கை தானாக முதுகுக்குப் போனது. கூடை இல்லை.
பட்டை உரியும் மரங்களுக்குள் மருந்து வாசம்.
அதற்கு மேல் போன வருஷம் எரிந்த மானாப்புல்,
கரித்தூருக்குள் பச்சையாய் ஊசி ஊசியாய்.
அப்புறம் பாதை இல்லை; ஓடை சொன்ன வழிதான்.
ஓடை ஓடையாக இல்லாமல் போன இடத்தில்
ஒரு வேரடியில், பாசிக்குள்,
உள்ளங்கை அகலம் ஈரம்.
சத்தமே இல்லை.
இதுதான் எங்கள் பீலியில் விழுந்து
விடியற்காலை குடத்துக்குக் குடம் சண்டை மூட்டும் தண்ணீர்.

மேலே போகப் போக மரங்கள் குள்ளமாகின.
காற்றுக்குப் பயந்து ஒரே பக்கமாகக் குனிந்திருந்தன.
கிளையெல்லாம் நரைத்த தாடி.
'இதுகளுக்கும் முதுகு போயிருச்சு' என்றாள் சந்தனமேரி.

கல் வந்தது.
அளவைக்காரர்கள் நட்ட சிமெந்துக் கட்டை, அதில் அழிந்துபோன எண்.
மேற்கே சிவனொளிபாதம்,
யாரோ மடித்து நிறுத்திய காகிதம் போல.
கிழக்கே மலைக்குப் பின்னால் மலை, அதற்குப் பின்னால்
மலையா மேகமா என்று சொல்லமுடியாதது.
கீழே, கட்டைவிரல் நகத்துக்குள் அடங்கும்
ஒன்பதாம் நம்பர்.
அவள் விரலை நீட்டி அதை மறைத்தாள், எடுத்தாள்,
மறுபடி மறைத்தாள்.
'இவ்வளவுதானா?'

பக்கத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று கல்.
குழந்தையைப் புதைத்த இடமோ? மாடசாமியோ?
இல்லை, அவன்தான் ஏதோ அடையாளம் வைத்துவிட்டுப் போனானோ?
குங்குமம் இல்லை, வேல் இல்லை.
எதற்கும் இருக்கட்டும் என்று
சந்தனமேரி சிலுவை போட்டுக்கொண்டாள்,
நான் செருப்பைக் கழற்றினேன்,
இரண்டு பேரும் ஆளுக்கொரு கல் ஏற்றினோம்.
ஐந்தாவது கல் நிற்கமாட்டேன் என்றது.
மூன்றுமுறை வைத்தோம்.

அதற்குள் மூட்டம் வந்துவிட்டது.
தோட்டமும் இல்லை, தண்ணீரும் இல்லை,
எதிரே இருந்தவளின் வாய் மெல்லுவது மட்டும் தெரிந்தது.
பசிக்காக இல்லாமல்
மெதுவாகத் தின்றோம்.
ஏறினதுக்கு ஒரு பேர் இல்லை, அரைப்பேரும் இல்லை.
முழங்கால் நடுங்க நடுங்க இறங்கினோம்.

மறுநாள் பிரட்டில்
கணக்குப்பிள்ளை பேர் கூப்பிட்டு
'மலைக்குப் போ' என்றார்.
'எந்த மலை?' என்று கேட்டுவிட்டேன்.
நிமிர்ந்து பார்த்தார்.
'ஒன்பது. வேறெந்த மலை?'

சந்தனமேரி துண்டால் வாயைப் பொத்திக்கொண்டாள்.
அட்டை கடித்த அவள் கணுக்கால்
இன்னும் கசிந்துகொண்டிருந்தது.