கிட்டடிக் கோட்டை

வெள்ளவத்தையில், தண்டவாளத்துக்கு இப்பால், மூன்றாம் மாடி.
மருதானை ரயில் போகும்போதெல்லாம்
மொனிட்டருக்குள் மலைகள் நடுங்கும்.
ஒரு கொம்பியூட்டர், ஒரு கதிரை, இரண்டு அரசர்.
என் முறை முடிந்தால் எழும்பிப் போய்
சன்னலைப் பார்த்தபடி நிற்கவேண்டும்,
ஃபர்ஸான் படையை எங்கே ஒளிக்கிறான் என்று
பார்க்கக்கூடாது.
நான் கண்ணாடியில் பார்ப்பேன்.
அது அவனுக்கும் தெரியும்.

முதலாம் பாகத்தில் மந்திரத்துக்குச் சாதி இல்லை,
எல்லாம் ஒரே ஏட்டில் கிடந்தது.
மூன்றாவதில்தான் நான்காய்ப் பிரித்தார்கள்:
தீ, காற்று, நீர், மண்.
ஐந்தாவது எங்கே என்று கேட்டேன்.
"ஆகாயமா? நம்மட கார்டு அதத் தூக்காது மச்சான்."
புறக்கோட்டையில் இரண்டாங்கையாக வாங்கிய கார்டு.
விசிறி சுழன்றால் யாரோ வீட்டுச் சாம்பிராணி மணக்கும்.

தீ எடுப்பவன் மூன்றே கிழமையில் வெல்வான்,
அல்லது தோற்பான்.
காற்றுக்காரனுக்குத் தூரம் ஒரு பொருட்டில்லை.
ஃபர்ஸான் எப்போதும் நீர்.
எல்லாரும் சிரிக்கிற வித்தை அது:
காயம் ஆற்றும், சாபம் கழுவும்,
கரையில் நின்று கூப்பிட்டால் படகு வரும்.
தொடக்க நிலை என்றால்
வரலாம், வராமலும் விடலாம்;
மந்திரப் புள்ளி மட்டும் தவறாமல் கழியும்.

நான் மண்.
மண்ணில் ஒரு மந்திரம் உண்டு, ஊர்வாசல்.
சொன்ன கையோடு, வழியே நடக்காமல், ஊர் போய்ச் சேரலாம்.
கொஞ்சம் படித்தவனை அது
கிட்டடிக் கோட்டையில் இறக்கிவிடும், கேள்வியே இல்லை.
உச்சம் தொட்டவனுக்குத்தான் பட்டியல் விரியும்:
எந்த ஊர்?
கிடைக்கிற தேர்ச்சியெல்லாம் அதிலேயே கொட்டுவேன்.
வாள் மழுங்கும், குதிரை மெலியும்.
ஏன் என்று அவன் கேட்டதில்லை.
என் அடையாள அட்டையில் பிறந்த இடத்தை
ஒருமுறை வாசித்திருக்கிறான்.

வெசாக் கூடுகள் நனைந்து தொங்கிய கிழமை
களனி கங்கை கொலன்னாவைக்குள் வந்தது.
உம்மாவின் கோல். அவன் முறை பாதியில் நின்றது.
தெமட்டகொடை வரை பஸ், அதற்கப்பால் இடுப்பளவு.
பிறகு போன் செத்துப்போனது.

நாலு நாளாய்த் திரையில் அவன் கொடி அசைந்தபடி:
நீலம், உன் முறை.
நீலம், உன் முறை.
மூன்றாம் நாள் இரவு கண்ணாடி தேவைப்படவில்லை,
நேராகவே பார்த்தேன்.
மீன்வால் வீரர், வெண்ணிறக் குதிரைகள், மொத்தப் படையும்
என் தலைநகருக்கு ஒரு நாள் தொலைவில்
காட்டுக்குள் பதுங்கி நின்றது.
ஒரு பொத்தான் போதும், அவன் முறையை முடித்துவிடலாம்.
மவுஸிலிருந்து கையை எடுத்தேன்.
மின்விசிறி மட்டும் சுற்றியது.

ஐந்தாம் நாள் கதவைத் தட்டினான்.
வெளியே இன்னும் மழை. முழங்கால்வரை சேறு,
கையில் ரைஸ் குக்கர்,
அதற்குள் பொலித்தீனில் சுற்றிய காணி உறுதி.
உம்மாவும் தங்கச்சியும் பாடசாலை மண்டபத்தில்.
"நேவிப் படகு மூணாம் நாள்தான் வந்தீச்சி" என்றான்,
"நாங்க பேசிக் லெவல்தானே."
சிரிக்கலாமா என்று தெரியாமல் தேத்தண்ணி வைத்தேன்.
சீனி முடிந்திருந்தது.

நான் ஒன்றும் கேட்கவில்லை. அவனாகச் சொன்னான்,
கோப்பையைப் பார்த்தபடி:
"உச்சம் தொடாதவன் எங்க போற?
கிட்ட ஈக்கிற கோட்டைக்குத்தான்."

குளிக்கக்கூட இல்லை, கதிரையில் உட்கார்ந்தான்.
நான் எழும்பிச் சன்னலுக்குப் போனேன்.
கண்ணாடியைத் திறந்துவிட்டுக் கடலைப் பார்த்தேன்,
சாம்பல் நிறத்தில் அது தன் பாட்டுக்கு.
முதுகுக்குப் பின்னால் காடு அசைந்தது.
மதில் சரிகிற சத்தம்,
என் வில்லாளர் ஒவ்வொருவராய்க் கத்துகிற சத்தம்.
"சொறி மச்சான்" என்றான், மிக மெதுவாக.

பிறகு என் முறை.
கதிரை ஈரமாயிருந்தது.