நூற்றிருபத்தைந்து மடங்கு

பெட்டியைப் பிரித்த இரவே
சமையல் மேசையில் நிறுத்தி
எதிர்வீட்டுக் கூரையைப் பார்த்தேன்.
தகரத்தில் ஆணிகள் பதினேழு.
பதினெட்டாவது இருக்க வேண்டிய இடத்தில் துளை.
ஹெல்யூவிடம் சொல்லலாமா என்று யோசித்து
சொல்லவில்லை.
உனக்கு எப்படித் தெரியும் என்பாள்.

விர்த்சு துறையில் படகேறும் கார்களை
வரிசையில் நிறுத்துவது என் வேலை.
மூன்று குளிர்காலத்து மிகைநேரக் கூலி
இப்போது கறுப்பாக, ஒன்றரைக் கிலோவாக
என் கழுத்தில் தொங்குகிறது.
குழந்தையைச் சுமப்பது போல என்று எழுதப் பார்த்தேன்.
இல்லை,
முட்டைக்கோசைச் சுமப்பது போல.

சனிக்கிழமை, விடியல் நாலரை.
மத்சாலு விரிகுடாவின் மரக்கோபுரம்.
எனக்கு முன்பே மேலே தாவெட்,
அவனுடைய பீரங்கி லென்ஸ்,
அதற்கென்று தைத்த கம்பளிச் சட்டை.
என்னுடையதை ஒரு முறை பார்த்தான்.
"இதன் சென்சார் சுண்டுவிரல் நகம் அளவுதானே."
வீட்டிலேயே வைத்துப் பார்த்திருந்தேன்.
நகத்தைவிடச் சிறியது.
சொல்லவில்லை.

பொத்தானை அழுத்த
நத்தையின் கொம்பு போல முனகி நீள்கிறது குழாய்.
நாணற்காடு வருகிறது,
ஒரு நாணல் வருகிறது,
அதன் கணு வருகிறது,
கணுவில் ஒரு கொசு.
பெருங்கொக்கு எங்கே?
இப்போதுதானே இருந்தது.

கிட்டே போகப் போகத் தொலைத்துவிடுவாய் என்று
கையேட்டின் இருநூறு பக்கத்தில்
ஒரு வரி இல்லை.
பின்வாங்கித் தேடி, நடுவில் வைத்து,
மறுபடி முன்னேறி, மறுபடி நாணல்.
ஐந்தாவது முறை கிடைத்தது.
உச்சந்தலையில் சிவப்பு,
அலகில் காயாத சேறு,
காலில் வளையங்கள்.

ஆனால் படம் துள்ளுகிறது.
தட், தட், தட்.
நடுக்கத்தைத் தடுக்குமாம், பெட்டியில் அச்சடித்திருந்தது.
காற்றில்லை. கோபுரம் அசையவில்லை.
தாவெட் அசையவில்லை, அவன் எப்போதுமே அசைவதில்லை.
கொஞ்சம் கழித்துத்தான் உறைத்தது,
அது என் நாடி.
என் உள்ளங்கையில் ஓடுகிற ரத்தம்
ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் நிற்கிற பறவையைத்
தூக்கித் தூக்கிப் போடுகிறது.
படியேறிய இரைப்பு அடங்க
கொக்கும் மெல்ல அடங்கியது.

"மஞ்சள், கறுப்பு, மஞ்சள்" என்றேன், சும்மாதான்.
தாவெட் திரும்பினான்.
அவன் லென்ஸில் அந்தக் கொக்கு
இறகிறகாய்க் கூர்மை,
ஆனால் கட்டைவிரல் உயரம்.
வளையம் இருப்பதே தெரியாது.
பையிலிருந்து நோட்டை எடுத்தான்.
"எந்தக் கால்?"
"இடது."
"மேலிருந்து கீழா?"
"மேலிருந்து கீழ்."
எழுதிக்கொண்டான். மூடினான். திறந்தான்.
"உர்வே, ஒரு நிமிடம் தருகிறாயா அதை?"

வாங்கிக்கொண்டான்.
அவன் தோளுக்குப் பின்னால் நின்று
நானும் திரையைப் பார்த்தேன்.
கல்தூண் மாதிரி நின்றான்,
மூச்சைக்கூட விட்டதாகத் தெரியவில்லை.
திரையில் கொக்கு
என் கையில் துள்ளியதைவிட
இரண்டு மடங்கு வேகமாகத் துள்ளியது.
இடையிடையே ஒரு துடிப்பு தவறி
அடுத்தது பெரிதாய் விழுந்தது.

"என்ன இது, இப்படி ஆடுகிறது" என்றான்.
"புதுசு" என்றேன், "பழக வேண்டும்."
குடுவையிலிருந்து அவனுக்கும் காப்பி ஊற்றப் போய்
பாதியில் நிறுத்தி
கறுப்பு ரொட்டியை மட்டும் நீட்டினேன்.

ஏழு மணிக்கு வெயில் ஏறியது.
சேற்றிலிருந்து ஆவி கிளம்பியதும்
கொக்குகளின் கால்கள் மெழுகாய் உருகின,
உடல்கள் தனியே மிதந்தன.
இதற்கென்ன பொத்தான் என்று கேட்டேன்.
"கிட்டப் போ, அல்லது நாளை வா."

அறுநூற்றுப் பன்னிரண்டு படம்.
இரவு உட்கார்ந்து அழித்து அழித்து
ஒன்பது மிஞ்சியது.
எட்டு என்னுடையவை.
ஒன்பதாவதில் கொக்கு இல்லை,
சாய்ந்த நாணல், வெளியேறும் ஒரு கால்,
மஞ்சளா என்றுகூடச் சொல்ல முடியாத கலங்கல்.

தாவெட்டின் எண்ணைத் தேடி எடுத்துவிட்டேன்.
எப்படித் தெரியும் என்பான்.
கேட்கட்டும்.
மணி அடிக்கிறது.