பதினோராவது மினுக்கு

மூன்றரைக்கு மூக்கையூர்த் திருப்பத்தில்
ஐஸ் வண்டி கியர் மாற்றும்.
அவ்வளவுதான்.
கம்பி வலைக்குள் ஆறு மண்டைக் குட்டிகளும்
ஒரே தொண்டையாகிவிடும்.

பிறந்து எழுபது நாள்.
தலை முன்னால் வளர்ந்து
உடம்பு பின்னால் வந்துகொண்டிருக்கிற வயசு.
குரலுக்கு அந்தத் தாமதம் இல்லை.

அடுத்த வீட்டு அருள்சீலி சண்டைக்கு வரமாட்டாள்.
பனங்கொட்டை எடுத்து என் தகரத்தில் எறிவாள்.
ஒன்று விழுந்தால் எரிச்சல்.
இரண்டு என்றால் பிள்ளை முழித்துவிட்டது.
மூன்று என்றால்
நண்டு வலை இழுத்துவிட்டு வந்த இன்னாசி
இப்போதுதான் கண்ணை மூடியிருக்கிறான்.

முதலில் போய்க் கத்தினேன்.
லுங்கியை மடித்துக் கட்டி, டார்ச்சோடு ஒரு ஆள் வந்து
தங்களோடு சேர்ந்து குரைக்கிறான் என்று
அவற்றுக்குப் பரம சந்தோஷம்.

தார்ப்பாய் கட்டினேன்.
கச்சான் காற்று அதைப் பிய்த்து
உடைமரத்தில் தொங்கவிட்டது.
ராத்திரி பத்துக்குக் கேப்பைக் கூழில்
சூடை மீன் பிசைந்து வைத்தேன்.
மூன்றரைக்கு, வயிறு நிறைந்த குரைப்பு.
பிறகு, சொல்ல வெட்கம்,
குரைத்ததும் ஓடிப்போய் ஆளுக்கொரு பிஸ்கட்.
அமைதியை விலைக்கு வாங்குவதாக நினைத்தேன்.
மறுநாள் மூன்றேகாலுக்கே கடை திறந்துவிட்டார்கள்.

சாயல்குடி கால்நடை மருந்தகத்தில்
ஊசி போடுகிற பூமயில் சிரிக்காமல் சொன்னாள்:
"குரைக்கிறப்ப போனா,
கூப்பிட்டா வருவான்னு படிச்சிக்கிடும்.
வாய மூடுற வரைக்கும் நீங்க வீட்லயே இல்ல.
மூடுனா ஒடனே போங்க."

இல்லாமல் இருப்பது லேசில்லை.
கதவுக்குப் பின்னால், கையில் கூழ்ச்சட்டி,
கொசுவைக்கூட அடிக்காமல்.
கடிகாரம் பார்க்க விளக்குப் போட முடியாது.
ஜன்னலில் தூண்டில் வளைவு முனையின்
சிவப்பு விளக்கு மட்டும்.
குட்டிகள் வாய் மூடியதிலிருந்து
அதன் மினுக்கை எண்ணினேன்.

முதல் நாள் இரண்டு மினுக்கு.
தாழ்ப்பாளை இழுத்தேன். அது கிறீச்சிட்டது.
எல்லாம் போச்சு.
அன்று ஐந்து பனங்கொட்டை விழுந்தது.
ஐந்துக்கு அர்த்தம் எனக்குத் தெரியாது.

தாழ்ப்பாளுக்குத் தேங்காய் எண்ணெய் விட்டேன்.
நாலு மினுக்கு. போனேன், வைத்தேன், பேசவில்லை.
அடுத்த நாள் மறுபடி இரண்டு.
பிறகு ஆறு.
ஒரு ஞாயிறு மழையில் எண்ணிக்கை தவறிப்போனது.

எத்தனையாவது நாளோ, ஐஸ் வண்டி வந்தது.
வெள்ளைக்காதன் வாயைத் தூக்கினான்.
கதவைப் பார்த்தான்.
தூக்கிய வாயை வீணாக்காமல் கொட்டாவி விட்டான்.
எட்டு. ஒன்பது. பத்து.
பதினொன்றில் கடல் கேட்டது.
இத்தனை நாளும் பக்கத்திலேதான் இருந்திருக்கிறது.

விடிந்ததும் அருள்சீலி
இடுப்பில் பிள்ளையோடு என் பக்கம் வந்தாள்.
ஒன்றும் சொல்லவில்லை.
எறிந்த கொட்டைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள்.
"கெழங்குக்குப் பொதைக்கணும்."

வெள்ளைக்காதனைக் கமுதி முத்திருளன்
ஆட்டுக் கிடைக் காவலுக்கு வாங்கிப் போனார்.
நாலாம் ராத்திரி, மூன்றே முக்காலுக்கு
தலையணைக்கடியில் போன் அதிர்ந்தது.

"நாய் குடுத்தியா, பொம்மை குடுத்தியா?
நரி வந்து நின்னு பாத்துட்டுப் போகுது.
இது வாயத் தொறக்காம
என் குடிசையவே பாத்துக்கிட்டு இருக்கு!"

போனை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு சொன்னேன்:
"கொஞ்ச நாளைக்கு
அது குரைச்சா ஓடிப்போங்கண்ணே.
ஓடிப்போய்த் தட்டிக் குடுங்க."

"என்னது? சத்தமா சொல்லுப்பா!"

கம்பி வலையில் ஐந்து மண்டைகள்
என்னையே பார்த்துக்கொண்டிருந்தன.
சிவப்பு விளக்கு மினுக்கியது.

"ஓடிப்போங்க!" என்றேன்.

தகரத்தில், டக்கென்று,
ஒரே ஒரு பனங்கொட்டை.
குட்டிகள் வாயே திறக்கவில்லை.