வெறுந்தறி

சோமனூருக்குக் கிழக்கே, சந்தில் மூன்றாவது வீடு.
சுவருக்கு அந்தப்பக்கம் நாச்சிமுத்துவின் எட்டுத் தறி.
எங்கள் வீட்டுக்கு வந்த ஒறம்பரை யாரும் ராத்தங்கியதில்லை,
"இதுக்குள்ள எப்படிங்க தூங்கறீங்க" என்று
கடைசி பஸ்ஸைப் பிடித்துவிடுவார்கள்.
துளசிமணி மட்டும்
கல்யாணமாகி வந்த அன்றைக்கே தூங்கினாள்.
ஏனென்று பத்து வருஷம் எனக்குத் தெரியாது.

டாக்டர் நோய்க்கு ஒரு பெயர் எழுதிக் கொடுத்தார்.
எழுத்துக்கூட்டிப் படித்து மாத்திரைப் பையில் மடித்துவைத்தேன்.
அவள் வேறு பெயர் வைத்திருந்தாள்.
"ஒறம்பரை வந்திருக்குது, பொட்டாட்ட இருங்க" என்பாள்.
நாலு பேர். ஒருத்தி ஓயாமல் வைவாள்.
ஒரு கிழவர் சுண்ணாம்பு டப்பாவைத் தட்டுவார், பேசமாட்டார்.
மற்ற இருவரைப் பற்றி அவள் சொன்னதில்லை,
நான் கேட்டதும் இல்லை.

தறி ஓடினால் அவர்கள் குரல் கேட்காதாம்.
இதை அவள் சொன்னது
கூலி உயர்வு கேட்டு ஊரே தறியை நிறுத்திய
ஆறாம் நாள் ராத்திரி.

எனக்கும் வேலையில்லை.
குழாய் சொட்டுவது கேட்டது, கோழி லாரி போவது கேட்டது.
அரிவாள்மணையை எங்கே ஒளித்தேன் என்று எனக்கே மறந்துபோய்
தக்காளியைக் கையால் பிய்த்துக் குழம்பு வைத்தேன்.
மச்சான் போனில், குணசீலத்தில் ஒரு மண்டலம் வைக்கச் சொன்னான்.
வைத்துப் பார்த்தாயிற்று என்றேன்.
அப்படீங்களா என்றான்,
நோம்பிக்கு நீங்க மட்டும் வந்துட்டுப் போங்க என்றான்.

பதினொன்றாம் நாள் சனிக்கிழமை.
கோயமுத்தூர் பெரியாஸ்பத்திரியில்
கூட வந்தவர்களை மட்டும் ஓர் அறையில் உட்காரவைத்தார்கள்.
மின்விசிறி ஒன்று, நாற்காலி பதினாலு.
ஓய்வுபெற்ற கண்டக்டர் ஒருவர்
மகளின் மாத்திரை நேரங்களை
ஸ்டாப்பிங் சொல்வதுபோல் வரிசையாகச் சொன்னார்.
யாரோ சிரித்தோம்.
அன்னூரிலிருந்து வந்த அம்மா
பதினாறு வருஷமாய் மகனைப் பார்த்துக்கொள்கிறவர்,
முந்தானையில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:
"அவன் செத்தாத் தேவலைன்னு நெனச்சிருக்கேனுங்க.
அன்னிக்குப் பொழுதோட அவனுக்குக் கொள்ளுப்பருப்பு கடஞ்சேன்."
யாரும் அவரைத் திட்டவில்லை.
நான் தரையைப் பார்த்தேன்,
என் செருப்பு இரண்டும் வேறு வேறு ஜோடி.

திரும்பி வந்து
நாச்சிமுத்துவிடம் முதல்தடவையாக வாய்விட்டுச் சொன்னேன்.
சுவர் ஒன்றுதான், அவருக்குத் தெரியாததில்லை.
ஆனால் சொன்னேன்.
"ஏப்பா, இத்தன நாளா" என்றவர் மேலே பேசவில்லை.

பதினேழாம் நாள், நடுராத்திரி,
சுவருக்கு அப்பால் ஒரே ஒரு தறி
தடக்தடக்கென்று எழுந்தது.

ஊருக்கே கேட்டிருக்கும்.
சங்கத்தார் நாலு பேர் பைக்கில் வந்து இறங்கி
"கருங்காலி" என்றார்கள்.
நாச்சிமுத்து லைட்டைப் போட்டார்.
பாவு இல்லை, ஊடை இல்லை.
காலி நாடா இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும்
போய் வந்துகொண்டிருந்தது.
"துணி எங்க?"
"துணி இல்லீங்க. பக்கத்து வீட்டுப் புள்ளைக்கு ஓட்டறேன்."
செயலாளர் கொஞ்சநேரம் நின்று பார்த்தார்.
"கரண்டு பில்லு?" என்றார்.
"வரட்டும்."
பைக்குகளைத் தெருமுனை வரை தள்ளிக்கொண்டு போய்
அங்கே ஸ்டார்ட் பண்ணினார்கள்.

விடிந்து வெகுநேரம் ஆகியிருந்தது.
அடுப்படியில் வெங்காயம் அரியும் சத்தம்.
அரிசி டிரம்முக்குப் பின்னாலிருந்து
அவளாகவே அரிவாள்மணையை எடுத்திருக்கிறாள்.
எட்டுமணி மாத்திரையின் நேரம் தாண்டிவிட்டது.
எழவேண்டும்.
நோட்டில் எழுதவேண்டும்.
கண்ணைத் திறக்காமல்
இன்னும் சித்தநேரம் கிடந்தேன்.